என் பெயரில் இரண்டு வரிகள்

செய்தி வந்தபோது நான் கருமத்தம்பட்டி பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். காலை ஏழே கால் இருக்கும். போனில் 'தெய்வானை' என்று பெயர் வந்தது. எடுத்தவுடன், "ஏனுங்க, இன்னிக்கும் லேட்டுங்களா?" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். பதில் சொன்னது அவர் இல்லை. அவர் கணவர் பழனிசாமி அண்ணன்.

"மேரிங்களா? தெய்வானை போயிட்டாளுங்க. வெடியால எந்திரிச்சு அடுப்பப் பத்த வெச்சா. நெஞ்சு வலிக்குதுன்னா. கார எடுக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க."

எந்தப் பஸ்ஸில் ஏறினேன், காந்திபுரத்தில் எப்படி மாறினேன், ஒன்றும் நினைவில்லை. தொண்டாமுத்தூரில் அவர் தோட்டத்து வீட்டு வாசலில் இறங்கி நடந்தது மட்டும் நினைவிருக்கிறது. நான் அழுத அழுகையைப் பார்த்து, அவர் பக்கத்து உறவினர்கள் என்னை உடன்பிறந்தவள் என்றே நினைத்துவிட்டார்கள். ஒரு பெரியம்மா, "சித்தெ தண்ணியாச்சும் குடி கண்ணு" என்று சொம்பை நீட்டினார். அன்று யாராவது என்னிடம் வந்து, "இந்த அம்மா உனக்கு ஒரு துரோகம் செய்தவர்" என்று சொல்லியிருந்தால், அந்தச் சொம்பாலேயே அடித்திருப்பேன்.

இன்றைக்குப் பத்தொன்பதாவது நாள். முப்பதாம் நாள் காரியத்துக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுகிறார்கள். "நீங்கதாங்க எழுதோணும் மேரிங்க, நாலு வார்த்தை நல்லதா" என்று பழனிசாமி அண்ணன் கேட்டுக்கொண்டார். நல்லதாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நடுவில் எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. ஐந்து வருடமாக ஒரு பெரிய தப்புக்குச் சொந்தக்காரி என்று நான் தலைகுனிந்து திரிந்தேன். அந்தத் தப்பு என்னுடையது இல்லை. அது தெய்வானை அவர்களுடையது. அவருக்கு அது தெரியும். கோபத்தோடு எழுதுகிறேன், படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோபம் இல்லாதது போல எழுத எனக்கு வராது.

அவரை அறியாதவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன்.

அவரும் நானும் பதினாறு வருடத்துக்கு முன்னால் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். கோவையில் ஒரு சின்ன நிறுவனம். மருத்துவமனைகளுக்கும் டயாலிசிஸ் மையங்களுக்கும் மென்பொருள் செய்து கொடுப்பது தொழில். எங்கள் இருவர் பொறுப்பு டேட்டாபேஸ். நோயாளிகளின் விவரங்கள் அடங்கிய அட்டவணைகளும், அந்த விவரங்களிலிருந்து பட்டியல் எடுத்துத் தரும் நிரல்களும் சர்வருக்குள்ளேயே குடியிருக்கும். அந்த நிரலை நாங்கள் புரொசீஜர் என்போம். காலையில் ஒரு மையத்தைத் திறந்ததும், இன்றைக்கு யார் யாருக்கு டயாலிசிஸ் என்று ஒரு தாள் அச்சாகி வருகிறது என்றால், அதற்குப் பின்னால் ஒரு புரொசீஜர் ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

எங்களுக்கு ஒரே வயது. இருந்தும் ஒரு நாளும் வா, போ என்று பேசிக்கொண்டதில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். சண்டை போட்டால்கூட, "உங்களுக்கு அறிவிருக்குதுங்களா?" என்றுதான் போடுவோம். அவர் குள்ளமாக இருப்பார், குரல் மட்டும் ஆளைவிட உயரம். வீட்டிலிருந்து ஒரு ஃபிளாஸ்க் நிறைய சுக்குக் காப்பி கொண்டுவருவார். பாதி எனக்கு. சாயந்தரம் ஐந்தரை ஆனால் தலைபோகிற வேலையாக இருந்தாலும் கிளம்பிவிடுவார். கேட்டால், "உங்க ஊட்டு வழியில லாரிதானுங்க வரும், எங்க ஊட்டு வழியில யானை வருமுங்க" என்பார்.

ஆரம்ப காலத்தில் எங்கள் வேலை முறை இருந்த லட்சணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. யாருக்கு என்ன மாற்றம் வேண்டுமோ, நேராக சர்வருக்குள் போய் மாற்றிவிட்டு வருவோம். எந்த மருத்துவமனையில் எந்தப் புரொசீஜர் இருக்கிறது, யார் எப்போது எதற்காக மாற்றியது, ஒரு மண்ணும் தெரியாது. ஒரு நாள் காலையில் அவர் ஒரு புரொசீஜரை மாற்றி வைத்தார். அது தெரியாமல் அதையே என்னிடமிருந்த பழைய பிரதியில் திருத்தி, மத்தியானம் நான் மேலே ஏற்றினேன். அவர் செய்தது அத்தனையும் போயிற்று. அவர் என் மேசைக்கு முன்னால் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க மேரிங்க, வெடியால நான் கட்டுன செவுத்த மத்தியானத்துல இடிச்சுப்போட்டீங்களே!"

"செவுரு இருக்கறதே எனக்குத் தெரியாதுங்க."

"அதானுங்க கெரகம். ஒருத்தர் கட்டறது இன்னொருத்தருக்குத் தெரியாத ஊட்டுல எப்புடிங்க குடியிருக்கறது?"

அடுத்த மாதமே வழி கண்டுபிடித்தார். எல்லாப் புரொசீஜரின் எழுத்தையும் சர்வரிலிருந்து வெளியே எடுத்து ரெப்போவில் வைத்தார். ரெப்போ என்பது ஒவ்வொரு மாற்றத்தையும், செய்தவர் பெயர், தேதி, காரணத்தோடு பதிந்து வைக்கும் இடம். இனிமேல் மாற்றம் முதலில் ரெப்போவில்தான் நடக்கும். எழுதியவர் ஒருவர் என்றால், இன்னொருவர் படித்துப் பார்த்து அப்ரூவல் தர வேண்டும். அதன் பிறகு அதுவாகவே சர்வருக்குப் போகும். யாரும் நேராக சர்வரைத் தொடக் கூடாது. அட்டவணைகளில் செய்யும் மாற்றங்களுக்கு வரிசை எண் போட்டுக் கோப்புகள் வைத்தார். ஒரு கோப்பு ஓடி முடிந்துவிட்டால் அதைத் திருத்தவே கூடாது. ஏனென்றால் அது ஏற்கெனவே பத்து மருத்துவமனைகளில் ஓடியிருக்கும். இங்கே பழையதைத் திருத்தினால், அங்கே இருப்பது ஒன்று, நம்மிடம் இருப்பது ஒன்று என்று ஆகிவிடும்.

இதை அவர் சொல்லும் விதம் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். "ஓடி முடிஞ்ச ஃபைலத் தொடாதீங்க. தப்பா இருந்தா, தப்புன்னு ஒத்துக்கிட்டு அடுத்த நம்பர்ல புதுசா ஒண்ணு எழுதுங்க."

எம்.டி.யையும் விடவில்லை. ஒருமுறை வாடிக்கையாளர் எதிரிலேயே அவர், "அம்மணி, அட்டவணையில ஒரே ஒரு கட்டம்தானே, சர்வர்லயே சட்டுனு மாத்திப்போடுங்க" என்றார். தெய்வானை அவர்கள் அசையவே இல்லை. "சார், ஊட்டுக் கதவு தொறந்தே இருந்தாலும் வாசல்ல நின்னு கூப்பிட்டுத்தானுங்க உள்ள வரோணும்" என்றார். வாடிக்கையாளர் சிரித்துவிட்டார். எம்.டி.யும் சிரித்தார், வேறு வழியில்லாமல்.

சர்வருக்குள் ஒரு காவலும் வைத்தார். ரெப்போ வழியாக வராமல் யாராவது நேராகப் புரொசீஜரை மாற்றினால், யார், எந்தக் கணினியிலிருந்து, எந்த நேரத்தில் என்று ஒரு தனி அட்டவணையில் தானாக எழுதிக்கொள்ளும். அதைப் படிக்கும் உரிமை அவர் ஒருவருக்குத்தான். "பேய் வந்துட்டுப் போனா கால் தடம் தெரியோணுமில்லீங்க" என்று சொல்லிச் சிரித்தார். பேய் யார் என்று எனக்கு அன்று தெரியாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நாங்கள் இருவரும் எழுந்து போகும்போது கணினியை லாக் செய்ய மாட்டோம். ராத்திரி கிளம்பும்போதுகூடத் திறந்தபடி விட்டுவிட்டுத்தான் போவோம். அவர் என் இருக்கையில் உட்கார்ந்து ஒன்றைப் பார்ப்பார், நான் அவர் இருக்கையில் உட்காருவேன். அலுவலகத்தில் மற்றவர்கள் எல்லாம் லாக் செய்தார்கள். எங்களுக்குள் மட்டும் அது மரியாதைக் குறைவு மாதிரி இருந்தது. இத்தனை விதிகள் போட்டவர்களுக்கு இந்த ஒரு விதி மட்டும் தோன்றவில்லை.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. எங்கள் ஊர் மாதா கோயில் தேர்த் திருவிழா. மத்தியானம் ஒரு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று எனக்குக் காலில் நெருப்பு. ஈரோட்டுப் பக்கம் ஒரு டயாலிசிஸ் மையத்தில், காலைப் பட்டியலில் நோயாளியின் போன் எண்ணும் வர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவசரம் அவசரமாகப் புரொசீஜரில் அந்த மாற்றத்தைச் செய்தேன். தெய்வானை அவர்கள் பார்த்து அப்ரூவல் கொடுத்தார். "போங்க, போய்த் தேர் இழுங்க" என்றார். ஓடினேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் அலுவலகம் வந்தபோது எல்லோர் முகமும் வேறு மாதிரி இருந்தது. அந்த மையத்துக்கு அன்று அதிகாலையில் பவானியிலிருந்து நாச்சிமுத்து என்பவர் வந்திருக்கிறார். முன்னால் ரிக் வண்டியில் போர் போடும் வேலை பார்த்தவர். ஒன்பது நாளாகக் கோவையில் மகள் வீட்டில் தங்கி, இங்கே ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொண்டு ஊர் திரும்பியவர். பட்டியலில் அவர் பெயர் இல்லை. கவுண்டரில் இருந்தவர் புதியவர். பட்டியலை நம்பி, "இன்னைக்கு உங்களுக்கு இல்லீங்க, போன் பண்ணிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். மனிதர் வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார். அன்று காலை எங்களுக்கு வந்தது மையத்தின் கோபமான புகார் மட்டும்தான். மறுநாள் அவருக்கு மூச்சுத் திணறல் வந்து, மூன்று நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தார். பிழைத்தது கடவுள் செயல்.

பெயர் ஏன் விடுபட்டது என்று ரெப்போவைத் திறந்தார்கள். என் சனிக்கிழமை மாற்றத்தில், போன் எண்ணுக்குக் கீழே, இரண்டு வரிகள் கூடுதலாக இருந்தன. கடந்த ஏழு நாளாக வராதவர்களின் பெயரைப் பட்டியலில் சேர்க்காதே என்பது அந்த வரிகளின் பொருள். மேலே என் பெயர், சனிக்கிழமைத் தேதி. அப்ரூவல்: தெய்வானை.

அந்த வரிகளை எழுதியதாக எனக்கு நினைவே இல்லை. ஆனால் எங்கள் தொழிலில் ஒரு கிறுக்குப் பழக்கம் உண்டு. நினைவையும் ரெப்போவையும் எதிரெதிரே நிறுத்தினால், ரெப்போவைத்தான் நம்புவோம். எத்தனையோ தடவை, "இதை எவன் எழுதினான்" என்று திட்டிக்கொண்டே பார்த்தால் நம் பெயரே இருந்திருக்கிறது. ஆகவே நானும் நம்பினேன். தேருக்கு ஓடும் அவசரத்தில் எதையோ சோதித்துப் பார்க்க எழுதி, அழிக்காமல் விட்டுவிட்டேன் என்று நானே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன். வேறொருவர் மாற்றியிருக்கலாம் என்ற நினைப்பே வரவில்லை. ரெப்போவில் பழைய பதிவை மாற்றி எழுதும் உரிமை எங்கள் நிறுவனத்தில் ஒருவருக்குத்தான் இருந்தது. அந்த ஒருவர்தான் அதைச் செய்யவே கூடாது என்று சட்டம் போட்டவர்.

எம்.டி. கேட்டார்: "அந்தக் காவல் அட்டவணையில ஏதாச்சும் இருக்குதுங்களா?" தெய்வானை அவர்கள், "பழசெல்லாம் தானா அழிஞ்சுரும் சார், ஒண்ணும் இல்லீங்க" என்றார். அதோடு நிற்காமல், "அப்ரூவல் குடுத்தது நானுங்க. பாக்காம விட்டது என் தப்பும்தானுங்க" என்றார். அன்று அவர் பெருந்தன்மையை மெச்சாதவர்கள் இல்லை. நானே கையெடுத்துக் கும்பிட்டேன். அட சாமி, இப்போது நினைத்தால் அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

என்னை டேட்டாபேஸ் வேலையிலிருந்து எடுத்து, வாடிக்கையாளர் போன் எடுக்கும் மேசையில் போட்டார்கள். இரண்டு வருடம். பிரிவுக்குத் தலைமை தெய்வானை அவர்களுக்குப் போனது. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும், "பாக்காம மாத்துனா என்ன ஆகுமுன்னு தெரியுமா" என்று ஆரம்பித்து, என் பெயர் சொல்லாமல் என் கதை சொல்வார்கள். பெயர் எப்படியும் சாயந்தரத்துக்குள் தெரிந்துவிடும்.

நாச்சிமுத்து அவர்களை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று ஆகிவிட்டது. சொன்னபோது தெய்வானை அவர்கள் முகம் வெளுத்தது. "தனியாப் போகாதீங்க. நானும் வாரேனுங்க" என்றார். இரண்டு பேரும் ஒட்டுக்காப் பஸ்ஸில் பவானி போனோம். அந்த மனிதர் ஜமக்காளத்தை விரித்து உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடியே, "நாந்தானுங்க அந்தத் தப்பச் செஞ்சுபோட்டேன்" என்றேன்.

அவர் ஜமக்காளத்தைத் தட்டிக் காட்டினார். "போச்சாது உடுங்க அம்மணி. நானும் போர் போடறப்ப எத்தன பேருக்குத் தண்ணியில்லாத எடத்துல தொளைச்சு உட்டிருக்கறேன். வேணுமின்னா செஞ்சோம்? மொதல்ல காப்பி குடிங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெய்வானை அவர்கள் காப்பியைத் தொடவே இல்லை. திரும்பும்போது பெருந்துறை தாண்டும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தார். என் மேல் உள்ள பாசத்தால் அழுகிறார் என்று நினைத்து, அவர் முதுகைத் தடவிக் கொடுத்து, நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். நான்! அவருக்கு!

இரண்டு வருடம் கழித்து, எம்.டி.யிடம் சண்டை போட்டு என்னை மறுபடி டேட்டாபேஸ் பக்கம் கொண்டுவந்ததும் அவர்தான். "மேரிங்க இல்லாம எனக்குக் கை ஓடலீங்க சார்" என்றாராம். நன்றி சொல்லப் போனேன். ஃபிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றிக்கொண்டே, "நன்றியெல்லாம் சொல்லாதீங்க, சொன்னா எனக்குக் கோவம் வருமுங்க" என்றார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். மறுபடியும் கணினிகளை லாக் செய்யாமல் எழுந்து போகும் பழைய வாழ்க்கை திரும்பியது. என் அப்பா இறந்தபோது மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே தங்கிப் பாத்திரம் கழுவினார். எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது தினமும் போனில் பேப்பர் படித்துக் காட்டினார். இவை எல்லாம் நடந்தவை. பொய் என்று எழுத முடியாது. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

அவரை எடுத்து நான்காம் நாள், அவருடைய பொறுப்புகளை எம்.டி. என்னிடம் கொடுத்தார். காவல் அட்டவணையைப் படிக்கும் உரிமையும் அதில் வந்தது. அதைத் திறந்தது சந்தேகத்தால் இல்லை. அவர் பெயரைப் பார்க்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். செத்தவர்களின் பழைய கடிதத்தை எடுத்துப் படிப்பதில்லையா, அந்த மாதிரி. பழையது எதுவும் அழிந்திருக்கவில்லை. முதல் நாள் தொட்டு எல்லாம் இருந்தது. நேராக சர்வரைத் தொட்ட பதிவுகள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று: அந்தச் சனிக்கிழமை. மாலை ஆறு நாற்பது. அந்த மையத்தின் காலைப் பட்டியல் புரொசீஜர். கணினி: தெய்வானை அவர்களுடைய லேப்டாப்.

அந்த நேரத்தில் நான் தேருக்குப் பின்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன்.

பிறகு ரெப்போவுக்குப் போனேன். ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு தேதி உண்டு. மாற்றத்தை முதலில் எழுதிய தேதி ஒன்று, அதைக் கடைசியாகப் பதிந்த தேதி இன்னொன்று. திரையில் சாதாரணமாகத் தெரிவது முதல் தேதி மட்டும். இரண்டாவதைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். திங்கட்கிழமை, காலை எட்டு பத்து, என் கணினியிலிருந்து. புகார் வந்தவுடன் சீக்கிரமே அலுவலகம் வந்து, லாக் செய்யாத என் கணினியில் உட்கார்ந்து, தனக்கு மட்டும் இருந்த உரிமையால் என்னுடைய சனிக்கிழமைப் பதிவைத் திறந்து, தன் இரண்டு வரிகளை அதற்குள் வைத்து மூடியிருக்கிறார். ஓடி முடிந்ததைத் தொட்டிருக்கிறார். நான் பத்து மணிக்கு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்காலி உயரம் குறைவாக இருந்ததாகக்கூட இப்போது தோன்றுகிறது. அது கற்பனையாகவும் இருக்கலாம். என் நினைவை நானே நம்பாத ஆளாக என்னை ஆக்கிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளே பவானிக்குப் பஸ் ஏறினேன், இந்தத் தடவை தனியாக. நாச்சிமுத்து அவர்கள் மெலிந்திருந்தார், ஆனால் திடமாகத்தான் இருந்தார். தெய்வானை அவர்கள் இறந்த செய்தியைச் சொன்னேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "உங்ககிட்ட நான் அன்னைக்குச் சொன்னது தப்புங்க. அத செஞ்சது நான் இல்லீங்க" என்று ஆரம்பித்தேன்.

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "தெரியுமுங்க அம்மணி."

"என்னங்க தெரியும்?"

"நீங்க ரெண்டு பேரும் வந்துட்டுப் போன அடுத்த மாசமே அந்தம்மா தனியா வந்தாங்க. இந்த எடத்துலதான் உக்காந்து அழுதாங்க. எல்லாஞ் சொல்லிப்போட்டாங்க. அதுக்கப்பறம் வருசந் தவறாம வருவாங்க."

தெய்வானை அவர்கள் சொன்னதையெல்லாம் நாச்சிமுத்து அவர்கள் வாயால் கேட்டேன். அந்தச் சனிக்கிழமை சாயந்தரம் மையத்திலிருந்து தெய்வானை அவர்களுக்கு ஒரு போன். பட்டியலை மறுபடி அச்செடுத்து, அதில் புதிதாக வந்திருந்த எண்ணைப் பார்த்து, வராத ஒரு நோயாளியின் வீட்டுக்குப் பேசியிருக்கிறார்கள். அவர் இறந்து பத்து நாள் ஆகியிருக்கிறது. போனை எடுத்த மனைவி கதறியிருக்கிறார். இனி அப்படி ஒரு வீட்டுக்குப் போன் போகக் கூடாது என்று பதறி, தெய்வானை அவர்கள் வீட்டிலிருந்தே நேராக சர்வரில் அந்த இரண்டு வரிகளைப் போட்டிருக்கிறார். ரெப்போவில் சேர்ப்பதற்குள் தோட்டத்துக்குள் யானை இறங்கி, கம்பம் சாய்ந்து, கரன்ட்டும் நெட்டும் போய்விட்டது. திங்கட்கிழமை சேர்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார். அதற்குள் புகார் முந்திக்கொண்டது.

"ஊருக்கெல்லாம் சட்டஞ் சொல்லிப்போட்டு நானே மீறுனேன்னு எந்த வாயிலீங்க சொல்றதுன்னு அழுதாங்க. மேரிங்ககிட்டச் சொல்லீருங்கன்னு நானும் ஒவ்வொரு வருசமும் சொன்னனுங்க. 'சொன்னா அவங்க எங்கூடப் பேச மாட்டாங்க. அப்பறம் நான் யார்கூடப் பேசறது'ன்னாங்க."

"நீங்களாச்சும் எனக்குச் சொல்லியிருக்கலாமில்லீங்களா?" சத்தம் போட்டுவிட்டேன். உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார்.

"அது அந்தம்மா சொல்ல வேண்டியதுங்க. நான் சொன்னாக் கோள் சொன்ன மாதிரி ஆயிருமுங்க."

சர்வருக்குத் தெரியும். பவானிக்காரருக்குத் தெரியும். தெரியாதவள் நான் ஒருத்திதான். பவானி வரைக்கும் போய் மன்னிப்புக் கேட்கத் தெரிந்த தெய்வானை அவர்களுக்கு, இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த என்னிடம் கேட்கத் தெரியவில்லை. காவல் அட்டவணையிலிருந்து அந்த ஒரு வரியை அழிக்க அவருக்கு ஒரு நிமிடம் போதும். ஐந்து வருடமாக அழிக்கவில்லை. என்றாவது நான் பார்க்கட்டும் என்று விட்டாரா, அழிக்கக் கை வரவில்லையா? அழிக்கவும் மனசில்லை, சொல்லவும் வாயில்லை. இது என்ன யோக்கியம் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் எழுதி முடித்து, அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் பழனிசாமி அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அவர் வேண்டாம் என்றால் கிழித்துப் போட்டுவிடுவது என்று இருந்தேன். கேட்டு முடித்ததும் அவர் தோப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாலு பொங்கி அடுப்பெல்லாம் கொட்டிப் போனாக்கூட, நானுன்னு ஒத்துக்க மாட்டாளுங்க. பூனைம்பா. எங்க ஊட்டுல பூனையே கெடையாதுங்க" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "போடுங்க மேரிங்க. உங்க பேரு உங்களுக்கு வேணுமில்லீங்க."

வேண்டும். எனக்கு என் பெயர் வேண்டும். அதனால் ஒரு வேலை செய்திருக்கிறேன். பழைய பதிவைத் திருத்தவில்லை. அந்த உரிமை இப்போது என்னிடம்தான் இருக்கிறது, அவர் செய்தது போலவே நானும் அதைத் திறந்து என் பெயரை எடுத்துவிடலாம். செய்யவில்லை. அவர் சொல்லிக் கொடுத்தபடியே, அடுத்ததாகப் புதிதாக ஒன்று எழுதினேன். அந்தப் புரொசீஜரின் தலையில் ஒரு குறிப்பு: "ஏழு நாள் வராதவர்களை நீக்கிய இரண்டு வரிகள் மேரி எழுதியவை அல்ல. தெய்வானை எழுதியவை. இறந்தவர் வீட்டுக்குப் போன் போகாமல் இருக்க எழுதினார்." எழுதியவர் இடத்தில் என் பெயர் போட்டு அனுப்பினேன்.

அனுப்பியவுடன் அது நின்றுவிட்டது. அந்தப் பகுதியில் எந்த மாற்றம் வந்தாலும் அப்ரூவல் கேட்டு ஒருவருக்குப் போகும்படி பதினைந்து வருடத்துக்கு முன்னால் அமைத்து வைத்தது. யாரும் இன்னும் மாற்றவில்லை. அப்ரூவல் தர வேண்டியவர்: தெய்வானை. பக்கத்தில் ஒரு மஞ்சள் வட்டம், காத்திருக்கிறது என்று.

எம்.டி. பார்த்துவிட்டு, "அவங்க பேர எடுத்துப்போட்டு நான் அப்ரூவ் பண்ணிப்போடறேனுங்க" என்றார். முப்பதாம் நாள் முடியட்டுங்க சார், அதுவரைக்கும் இருக்கட்டுங்க என்று சொல்லிவிட்டேன்.

தெய்வானைங்க, உங்கள் வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. நான் எழுதியதில் ஒரு வார்த்தை பொய் இருந்தால் எப்போதும் போலத் திருப்பி அனுப்புங்க. நான் பேச மாட்டேன் என்று பயந்தீங்களாமே. ஆமாங்க, பேசியிருக்க மாட்டேன். ஒரு மாசம், இரண்டு மாசம் உங்கள் முகத்திலேயே முழித்திருக்க மாட்டேன். அப்புறம் ஒரு நாள் காலையில் உங்கள் மேசைக்கு வந்து, ஃபிளாஸ்க்கில் என் பங்குக் காப்பி எங்கே என்று கேட்டிருப்பேன். அதைக்கூட நீங்கள் நம்பவில்லை. அந்த இரண்டு வரியைக்கூட மன்னித்துவிடுவேன் போலிருக்கிறது, இதைத்தான் முடியவில்லை. போயிட்டு வாங்க. இன்றைக்கும் என் கணினியை லாக் செய்யாமல்தான் வந்திருக்கிறேன்.